கத்தி வந்த பல்லக்கு

சிவப்புப் பட்டு மெத்தையில் அந்தக் கத்தி படுத்திருக்கிறது, தந்தப் பிடி, மங்கிய வெள்ளி உறை, முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், அவ்வளவுதான், இதற்கா அம்மா தலை குனிந்து மாலை போட்டாள் என்று பர்வதவர்த்தினிக்கு முதலில் சப்பென்று ஆகிறது, பிறகு கோபம் வருகிறது, கத்திக்கு எதிரே மகள் ஆதிரை சம்பங்கி மாலையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள், ஒத்திகைதான், கல்யாணம் நாளைக்கு, ஆனால் மாலை நிஜ மாலை, கத்தியும் நிஜக் கத்தி, கோட்டு போட்ட மேலாளர் சம்பந்தியம்மாளுக்குப் பவ்யமாக விளக்கிக்கொண்டிருக்கிறார், அந்தக் காலத்தில் சேந்தனூர் ராஜா போருக்குப் போயிருந்தால் மணப்பெண் அவருடைய கத்திக்கு மாலையிடுவாளாம், வீரமும் காதலும் கலந்த சடங்காம், இந்த அரண்மனை ஹோட்டலில் கல்யாணம் செய்கிறவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற பாக்கியமாம். எந்தப் போருக்குப் போனாராம், வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நாளில் சேந்தனூர் ராஜா போனதெல்லாம் கொடைக்கானலுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும்தான், அம்மா கத்திக்கு மாலை போட்ட அன்று அவர் ஊரில்தான் இருந்தார், இதே மண்டபத்துக்கு மேலே மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார், பெண் அவருக்குச் சமமான குடியில் பிறந்தவள் இல்லை, அப்படிப்பட்டவள் பக்கத்தில் ராஜா மணையில் உட்காரக் கூடாது, அதனால் அவருக்குப் பதில் கத்தி உட்காரும், இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, சொன்னால் அந்தப் பெண் யார் என்றும் சொல்ல வேண்டும், சம்பந்தி வீட்டார் முன்னால், கல்யாணத்துக்கு முதல் நாள்.

நேற்று வந்து இறங்கியதிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை, கார் நின்றதும் எல்லோரும் முன்வாசலுக்குத் திரும்ப அவள் கால்கள் மட்டும் மதிலை ஒட்டி இடதுபக்கம் நடந்தன, ஒரு வேப்பமரம், அதைத் தாண்டி ஒரு திருப்பம், திருப்பத்தில் ஒரு சின்னக் கதவு, அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்வந்த வழி, நாலு வயதில் விட்டுப்போனது, அறுபது தாண்டியும் கால் மறக்கவில்லை, காவலாளி ஓடிவந்து, அம்மா அது சர்வீஸ் கேட்டு, கெஸ்டெல்லாம் இந்தப் பக்கம் என்று திருப்பிவிட்டான், அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. முன்வாசலில் இந்த ஜில்லாவில் எவனும் கட்டியிராத ராஜஸ்தான் தலைப்பாகையோடு ஒருவன் சலாம் வைத்தான், ஒரு பெண் பன்னீர் தெளித்தாள், இன்னொருத்தி வெள்ளி டம்ளரில் நன்னாரி சர்பத் நீட்டினாள், அம்மாவை ஒரு நாளும் உள்ளே விடாத வாசல், இந்த ஒரு வாசலுக்காகத்தான் ஆதிரை போனில் படம் காட்டி இந்த அரண்மனைதாம்மா, இங்கதான் கல்யாணம் என்றபோது வேண்டாமென்று சொல்லாமல் இருந்தாள், ஒரே ஒரு தடவை அதன் வழியாக நுழைந்துவிட வேண்டும், நுழைந்தாள், யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை, சர்பத் மட்டும் ரொம்பத் தித்தித்தது.

அவளுக்குக் கொடுத்த அறைக்கு ராணியார் அறை என்று பெயர், படுத்தாள், எழுந்தாள், ஏசியைக் கூட்டினாள், குறைத்தாள், கட்டில் அத்தனை பெரிது, எந்தப் பக்கம் படுத்தாலும் மீதிப் பக்கத்தில் யாரோ கோபித்துக்கொண்டு எழுந்துபோன மாதிரி இருந்தது, ஜன்னல் திரையை விலக்கினால் பின்கட்டில் நீச்சல் குளம், நீலத் தண்ணீர், கீழ வளவு அங்கேதான் இருந்தது, ராஜாவின் கத்திக்கு வாழ்க்கைப்பட்டவர்களை வைத்திருந்த தாழ்வான ஓட்டு வீடுகள், ஈரக் கல், வௌவால் நாற்றம், அந்த இருட்டுக்குள் ஒரு கை வருகிறது, மோதிரம் போட்ட கை, கற்கண்டு நீட்டுகிறது, அவள் வாங்கிக்கொள்கிறாள், நிமிர்ந்து பார்க்கிறாள், கைக்கு மேலே முகம் இல்லை, அது அப்பாவா, இல்லை இத்தனை வருடத்தில் அவளே பிசைந்து உருட்டிக்கொண்ட கனவா, அம்மாவைக் கேட்டால் அவுக கைதான் என்பாள், வேறொரு நாள் கேட்டால் நீ எங்கிட்டுப் பாத்த, வெளிச்சத்துல அவுக வளவுக்கு வரமாட்டாகளே என்பாள். அம்மாவின் பெயர் முத்திருளாயி, ராஜா செத்ததும் பட்டத்து ராணியின் ஆட்கள் வந்து வளவைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள், மகளைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்து ஒண்டுக்குடித்தனத்தில் தையல் இயந்திரத்தை மிதித்தாள், புருஷன் பர்மாவில் செத்துப்போனான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள், வைப்பாட்டி என்கிற அந்த ஒரு சொல் தன் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று சாகிறவரைக்கும் காவல் காத்தாள். ஆயுத பூஜைக்கு அடுத்த வீடுகளில் அரிவாள்மணைக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், அம்மா தையல் இயந்திரத்துக்கும் கத்தரிக்கோலுக்கும் வைப்பாள், காய் நறுக்குகிற கத்தியை மட்டும் கழுவித் துடைத்துப் பரணில் போட்டுவிடுவாள், ஏம்மா என்று கேட்டால், பொட்டு வச்சா மாப்பிள்ளன்னு நெனச்சுக்கிரும்டி என்று சிரிப்பாள், அவள் சிரித்து முடிக்கிறவரை பக்கத்தில் நிற்க முடியாது.

அம்மா காய்ச்சலில் கிடந்தபோதுதான் அந்தக் கல்யாணத்தைச் சொன்னாள், சொன்னாளா பிதற்றினாளா, மேளம் கேட்டுச்சு, பல்லக்கு வந்துச்சு, ஏழூரு சனமும் எட்டிப் பாக்குது, நானும் தலையத் தூக்காம கண்ண மட்டும் தூக்கிப் பாக்கறேன், தெரைய வெலக்குறாக, உள்ள ஆளே இல்லடி, அவுக வரல, அவுக கத்தி வந்துச்சு. கத்தியை மணையில் வைத்தார்கள், பதினாறு வயதுப் பெண் அதற்கு மாலை போட்டாள், ராஜாவின் அக்கா வந்து தாலி முடிந்தாள், அன்று முழுக்க அம்மா பல்லக்கையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், இன்னொரு தடவை திரையை விலக்குவார்கள், உள்ளேயிருந்து ஆள் இறங்குவார் என்று, இதைச் சொல்லும்போது கண்ணீர் காதுக்குள் வழிந்தது, பர்வதவர்த்தினி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். இதைக் கட்டிய புருஷனிடம் மட்டும் சொன்னாள், நல்ல மனுஷன், கேட்டுவிட்டு, சரி, இது நம்மோடு போகட்டும் என்றார், அவரும் போய்விட்டார், இப்போது இது அவளோடு மட்டும் இருக்கிறது.

மாப்பிள்ளையைக் கூப்பிடட்டுமா என்று யாரோ கேட்க, இந்தச் சடங்குக்கு அவர் தேவையில்லை மேடம், கத்தி இருந்தால் போதும், மாப்பிள்ளை சாரை நீச்சல் குளத்துக்கு அனுப்பிவிட்டேன் என்கிறார் மேலாளர், எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆதிரையும் சிரித்துக்கொண்டே குனிகிறாள், அந்தக் குனிந்த பிடரி அச்சு அசல் அம்மாவின் பிடரி, ஒத்திகையாவது ஒன்றாவது, மாலை இதோ கத்தியைத் தொடப்போகிறது, தொட்டுவிட்டால் தாங்காது, பர்வதவர்த்தினி எப்போது எழுந்தாள், எப்படி நடந்தாள், மாலையின் ஒரு முனை அவள் கைக்குள் இருக்கிறது. வேணாம்டி, இதுக்குப் போடாத என்றாள். மேலாளர் இன்னும் சிரிப்பு மாறாமல், அம்மா, இது இந்த அரண்மனைச் சம்பிரதாயம் என்றார். சம்பிரதாயம் எனக்குத் தெரியும் தம்பி, எங்கம்மாவுக்கு மாப்பிள்ளையா வந்தது இந்தக் கத்திதான்.

சொல்லிவிட்டாள், சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை, பல்லக்கையும் மாடியையும் வளவையும் பர்மாவையும் மூச்சுவிடாமல் கொட்டுகிறாள், மாலையின் முனையை முறுக்கிக்கொண்டே இருக்கிறாள், சம்பங்கி ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்கிறது, சம்பந்தியம்மாள் காபிக் கோப்பையை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்கிறாள், அந்த முகம் நாளைக்கு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, பார்க்கப் பயமாக இருக்கிறது, மேலாளருக்கு மட்டும் முகமெல்லாம் பல், அப்போ நீங்க ராஜா வீட்டுப் பொண்ணாம்மா, ராஜ வம்சமே எங்க ஹோட்டல்ல தங்கியிருக்கா, கத்தியோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமே என்கிறார். இல்ல தம்பி, நான் முத்திருளாயி மக என்றாள், இந்தக் கூரைக்குக் கீழே அந்தப் பெயரை யாராவது இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருப்பார்களா, உத்தரத்துப் புறா ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

ஆதிரை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஆயிரம் கேள்வி இருக்கும், ஏன் மறைத்தாய் என்று சண்டைகூட வரும், வரட்டும், ஆனால் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அன்னைக்கு ராஜா கடைசி வரைக்கும் கீழே எறங்கி வரவே இல்லையாம்மா. பர்வதவர்த்தினி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஆதிரை மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக் கதவைத் திறந்து, நாளைக்குக் கல்யாணப் பெண் என்கிற நினைப்பே இல்லாமல், கிஷோர், எங்கடா இருக்க, கெளம்பி வா என்று கத்தினாள், குளத்தில் தண்ணீர் சளப்பென்றது, ஓடிவருகிற காலடி கேட்கிறது, அரை டிராயரும் தோளில் துண்டுமாக, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கீழ வளவு இருந்த இடத்திலிருந்து ராஜாவின் மண்டபத்துக்குள் மூச்சிரைத்துக்கொண்டு வந்து நிற்கிறான் அவன், என்னாச்சு, நான் வேண்டாம்னு சொன்னாங்களே என்கிறான், அவன் நிற்கிற நிற்பில் கத்தி அவனுக்குப் பின்னால் மறைந்துவிட்டது, பட்டு மெத்தையில் தண்ணீர் சொட்டி இருண்டு பரவுகிறது, மேலாளர் ஐயோ மெத்தை என்கிறார், ஆதிரை மாலையை எடுத்து அந்த ஈரக் கழுத்தில் போட, அவன் ஒன்றும் புரியாமல் நன்றாகக் குனிந்து கொடுக்கிறான், பர்வதவர்த்தினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது, அடக்கவில்லை, யம்மா, பாத்தியா, மாப்பிள்ளையே வந்துட்டாக.