துருத்தி 0.4

ரத்தினபாய் டீச்சருக்கு ஜெபராஜைப் பிடிக்காமல் போனதற்குக் குடியோ சிகரெட்டோ காரணம் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் ஜெபம் பண்ணித் திருத்திவிடலாம் என்று டீச்சர் சும்மா இருந்திருப்பார். ஜெபராஜின் வியாதி வேறு. அவன் செய்வதையெல்லாம் ஊருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுகிறவன்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அது. மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டில், ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஜெபராஜ் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். வயது இருபத்தொன்பது. சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினான். பாட்டின் சுரங்களை வரிசையாக டைப் அடித்துக் கொடுத்தால் ஆர்கன் குரலில் வாசித்துக் காட்டும் புரோகிராம். அதில் பதிவு செய்த ஒலி ஒரு துளிகூடக் கிடையாது. ஒவ்வொரு அலையையும் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு உண்டாக்கும். அதற்குத் 'துருத்தி' என்று பேர் வைத்தான். பேர் வைத்த கையோடு, எழுதியதை ஒரு வரி விடாமல் உலகத்துக்கே கொடுத்துவிட்டான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவனுக்கும் கொடுக்கலாம்.

"ஏன்ப்பா, கேக் செஞ்சா ரெண்டு துண்டு குடு. செய்முறைய ஏன் குடுக்கிற?" என்று டீச்சர் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. டீச்சரின் கிறிஸ்துமஸ் கேக் சேலையூர்வரை பிரசித்தம். செய்முறை கேட்கிற பெண்களுக்குச் சிரித்த முகத்தோடு எழுதிக் கொடுப்பார், ஒரே ஒரு சாமானை மட்டும் விட்டுவிடுவார். இருபது வருஷமாக அந்தப் பெண்கள் செங்கல் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவருடைய மகள் தபீதாளைத்தான் ஜெபராஜ் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவளுக்கும் ஆசைதான். அவள் பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். தாம்பரத்தில் அவர்களுக்குத் தெரிந்த யாரிடமும் இல்லாத இன்டர்நெட் அந்தக் கம்பெனியில் இருந்தது. காலையில் ஜெபராஜின் ஃப்ளாப்பியை டிபன் பாக்ஸோடு வைத்து ரயிலில் கொண்டுபோய், ஜெர்மனியில் யூர்கன் என்கிற ஒரு புண்ணியவானுக்கு அனுப்புவாள். அவர்தான் தன் யுனிவர்சிட்டி மெஷினில் துருத்திக்கு இடம் கொடுத்திருந்தார். யார் திருத்தம் அனுப்பினாலும் சேர்த்துப் புதுப் பதிப்பு வெளியிடுவதும் அவரே. பதிலைச் சாயங்கால ரயிலில் தபீதாள் கொண்டுவருவாள். காதலிப்பதற்கு இதைவிடச் சுற்றுவழி இருக்கமுடியாது.

இதற்கிடையில் கோயிலில் சபையின் பழைய ஆர்கன் செத்துப்போனது. காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கன். ஐப்பசி மழையில் ஒதுங்க வந்த எலிகள் அதன் துருத்தித் தோலைத் தின்றுவிட்டன. அதை நாற்பது வருஷமாக வாசித்து வந்தவர் டீச்சர். அவர் முட்டியைப் பார்த்த டாக்டர், இனிமேல் எதையும் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கமிட்டி கூடி, ஜெபராஜின் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தது. ஆர்கன் ஸ்டூலிலிருந்து முதல் பெஞ்சு நாலு அடிதான். டீச்சர் அந்த நாலு அடியை நாலு மைலாக நடந்து போய் உட்கார்ந்தார்.

இந்த நேரம் பார்த்தா பெண் கேட்பார்கள்? ஜெபராஜ் கேட்டான். நேரங்காலம் தெரிந்த பையனாக இருந்தால் அவன் ஏன் புரோகிராம் எழுதப்போகிறான்?

டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மார்கழி பொறக்கறதுக்கு முன்னாடி அறுப்பின் பண்டிகை வருது. காணிக்கைப் பாட்டுக்கு அஞ்சு சரணம். உன் பெட்டி சபைய நடுவுல நிக்காம பாட வெச்சிடுச்சுன்னா தபீதாளைக் கட்டிக்க. நடுவுல நின்னுச்சுன்னா அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார்.

ஒரு மாசம் இருந்தது. ஜெபராஜ் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆள் உயரத்துக்கு ஒரு பழைய ஸ்பீக்கர் வாங்கி வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒத்திகை வைத்தான். துருத்தி அப்பழுக்கில்லாமல் வாசித்தது. முதல் அடி முடிந்து இரண்டாம் அடி தொடங்கியது. மூன்றாம் அடியில் சபையார் முகங்கள் சிவந்தன. நான்காம் அடியில் அங்கங்கே கண்கள் பிதுங்கின. இரண்டாம் சரணத்தில் பாட்டு படுத்துவிட்டது. துருத்தி மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது. டீச்சர் பாட்டுப்புத்தகத்தை மூடினார். அவர் முகத்தில் அத்தனை சமாதானத்தை ஈஸ்டர் அன்றுகூட யாரும் பார்த்ததில்லை.

ஆராதனை முடிந்ததும் ஜெபராஜ் நோட்டுப்புத்தகத்தோடு வாசலில் நின்று குறைகளைக் கேட்டு எழுதினான்.

"சுத்தமா இருக்குப்பா. ரொம்ப சுத்தம். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார் கமிட்டிச் செயலாளர் ஜீவரத்தினம்.

"அந்த ஆர்கனுக்கு எங்க மேல ஒரு கோவம் இருக்கும். இதுக்கு இல்ல" என்றாள் ஒரு அம்மாள். அதையும் எழுதிக்கொண்டான். கோபத்தை எந்த அலையில் சேர்ப்பது என்றுதான் விளங்கவில்லை.

கடைசியில் மணியடிக்கிற கோயில்பிள்ளை ஏசுபாதம் வந்தார். "இன்னா சார் இது, மூச்சு வுட எடமே இல்லியே. அந்த க்ரீச்சு எங்க பூட்ச்சு?"

"என்ன க்ரீச்சு?"

"டீச்சரம்மா ஓங்கி மெதிப்பாங்கல்ல, ஒவ்வொரு அடி முடிஞ்சதும் க்ரீச்சுனு ஒண்ணு வருமே. அது வந்தாதான் நாங்க மூச்சு வுடுவோம். அது இல்லாம பாடிகினே போனா பேஜாராத்தான கீது?"

ஜெபராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டான். பழைய ஆர்கனுக்கு ஒவ்வொரு அடி முடிவிலும் காற்றுத் தீர்ந்துபோகும். டீச்சர் ஓங்கி மிதிப்பார், மிதிகட்டை க்ரீச்சிடும், ஒரு கணம் சத்தம் நிற்கும். நாற்பது வருஷமாகச் சபை அந்தக் கணத்தில்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சபையில் பாதிப் பேர் பிறந்ததே அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான். துருத்திக்கோ காற்றே வேண்டாம். அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

உடனே வேலை தொடங்கியது. எலி தின்ற ஆர்கனைப் போதகர் அங்கி மாட்டுகிற உடுப்பறையில் போட்டிருந்தார்கள். அதில் உயிரோடு இருந்தது மிதிகட்டை ஒன்றுதான். தபீதாள் மிதித்தாள். ஜெபராஜ் மைக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அந்த க்ரீச்சை அளந்தான். தொள்ளாயிரம் ஹெர்ட்ஸில் ஆரம்பித்து ஆயிரத்து நானூற்றுக்கு ஏறி, நுனியில் லேசாக நடுங்கியது.

"இன்னொரு தடவை மிதிக்கட்டுமா?"

"மிதி."

மூன்று தடவை அளந்தால் போதும். அவன் நாற்பது தடவை அளந்தான். பாத்திரம் தேய்க்கிற சத்தத்தைவிட மோசமான அந்தச் சத்தம் அவன் காதில் தேனாகப் பாய்ந்தது.

க்ரீச்சும் அதோடு ஒரு கண நிறுத்தமும் சேர்ந்து துருத்தி 0.3 என்ற புதுப் பதிப்பு பிறந்தது. அடுத்த ஞாயிறு சபை ஒரே ஆளாக மூச்சு வாங்கி ஒரே ஆளாகப் பாடியது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயிறு எரிந்தது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஒரே ஒரு குறை. சத்தத்தைக் கூட்டி எல்லாச் சுரங்களையும் சேர்த்து வாசித்தால் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்குக் கணக்குப் போட்டு மாளவில்லை. கரகரவென்று உடைந்தது. ஜெபராஜ் 0.3-ஐயும் சேர்த்து யூர்கனுக்கு எழுதி அனுப்பினான். பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் தபீதாள் பதிலைக் கொண்டுவந்தாள். 'துருத்தி 0.4 தயார். இரண்டு மடங்கு வேகம். இனி உடையாது' என்று கடிதம் ஆரம்பித்தது. ஜெபராஜ் அந்த முதல் பத்தியைப் படித்துவிட்டுச் சந்தோஷத்தில் மீதியைப் படிக்கவில்லை.

படித்திருந்தால் மூன்றாவது பத்தி கண்ணில் பட்டிருக்கும். 'உங்கள் ஆர்கன் ஒவ்வொரு அடி முடிவிலும் எலி மிதிபட்டதுபோல் கத்துகிறது. கத்திவிட்டுத் தடுக்கியும் விழுகிறது. பெரிய பிழை. இரண்டையும் நீக்கிவிட்டேன். நன்றி வேண்டாம்.'

கோயிலில் புதுப் பதிப்பை ஏற்றி முதல் அடியை வாசித்துப் பார்த்தார்கள். கணீரென்று வந்தது. அடி முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் கிளம்பினார்கள். கணீரென்று கேட்டதே போதும் என்று இருந்தது அவர்களுக்கு.

பண்டிகை அன்று கோயில் முழுக்க, ஏலம் விடக் காணிக்கையாக வந்த வாழையும் கரும்பும் பூசணியுமாகக் கிடந்தது. படப்பையிலிருந்து ஏலத்துக்கு வந்திருந்த ஒரு சேவலை ஸ்பீக்கர் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். காணிக்கைப் பாட்டு என்று போதகர் அறிவித்தார். ஜெபராஜ் பட்டனைத் தட்டினான்.

முதல் அடி முடிந்தது. க்ரீச் வரவில்லை.

இரண்டாம் அடி ஓடியது. சபை மூச்சுப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது. நடுவில் சேவல் கூவியது. அதை நம்பி வலதுபக்கப் பெஞ்சுகள் மூச்சு வாங்கிவிட்டன, இடதுபக்கம் வாங்கவில்லை. பாட்டு இரண்டு துண்டானது. ஜெபராஜ் பதறிப்போய் ஸ்பேஸ் பட்டனை அழுத்தித் துருத்தியை நிறுத்திப் பார்த்தான். நின்றால் மூச்சு வாங்குவார்கள் என்று நினைத்தான். வாங்கவில்லை. தாம்பரத்து ஜனங்கள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, வழக்கம்போல இன்னும் சத்தமாகப் பாடிக்கொண்டே போனார்கள். மறுபடி ஓடவிட்டான். ஜீவரத்தினம் சாரின் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தது. பின்பெஞ்சில் இரண்டு பேர் பாடுவதை விட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தபீதாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்தது என்று அவன் நினைத்தான். அழுகை வந்தது.

டீச்சருக்கு வேலையே இல்லை. இன்னும் ஒரு அடி பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், ஜெயித்துவிடுவார். ஆனால் அவர் விரல்கள் மடியிலிருந்த பாட்டுப்புத்தகத்தின்மேல் தாமாக வாசித்துக்கொண்டிருந்தன. டாக்டர் வேண்டாமென்ற கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அவர் சபையைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருஷமாக அவரை நம்பி மூச்சு விட்ட சபை கண் பிதுங்கி நின்றது.

"க்ரீச்!" என்றார் டீச்சர். வாயால்.

தொள்ளாயிரத்தில் ஆரம்பித்து ஆயிரத்து நானூறு, நுனியில் நடுக்கம் உட்பட. கோயில் முழுக்கக் கேட்டது. இருநூறு பேர் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். மேலே தொங்கவிட்டிருந்த காகிதத் தோரணங்கள்கூட ஆடின என்று ஏசுபாதம் பிற்பாடு சாதித்தார். ஜெபராஜ் சரியாக அந்தக் கணத்தில் ஸ்பேஸை அழுத்தித் துருத்தியை நிறுத்தி, மறுபடி விட்டான். அடுத்த அடி முடிவில் டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார். "க்ரீச்!" அவர் கத்த, அவன் அழுத்த, சபை பாட, இரண்டாம் சரணம் போயிற்று, மூன்றாவது போயிற்று. நான்காவதில் டீச்சர் கையை வேறு வீசத் தொடங்கினார். ஐந்தாவது சரணத்தை அந்தக் கோயில் அதுவரை அப்படிப் பாடினதே இல்லை.

ஆமென் சொன்ன பிறகுதான் டீச்சருக்குத் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. பொத்தென்று உட்கார்ந்தார்.

ஏலத்துக்கு முன்னால் அவர் நேராகக் கம்ப்யூட்டரிடம் வந்தார். தபீதாள் அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"அஞ்சு சரணமும் ஆச்சே. பாட வெச்சது உன் பெட்டியா, நானா?"

ஆமாம், பெட்டிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சொல்ல வராது அவனுக்கு. "நீங்கதான் டீச்சர். பெட்டி தோத்துப்போச்சு."

தபீதாள் அவனை முறைத்த முறைப்பில் பூசணிக்காய் வெந்திருக்கும். ஜெயித்ததையும் சும்மா தூக்கிக் கொடுக்கிறானே பாவி!

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"அந்த ஸ்டூலை விட்டு எறங்கின நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல ஜெபராஜ்" என்றார். "இப்பதான் கொஞ்சம் நல்லா இருக்கு." பிறகு குரலை உயர்த்தினார். "முட்டிதான் போச்சு. வாய் நல்லாத்தான் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை நான்தான் க்ரீச்சு போடுவேன். கல்யாணத்தன்னிக்கும் நான்தான். பொண்ணோட அம்மாவாச்சே, முன்னாடி உக்காருங்க, கையக் கட்டுங்கன்னு எவனாவது வந்தான், அவ்வளவுதான்."

அது சம்மதம் என்று புரிந்துகொள்ள ஜெபராஜுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. தபீதாள் அதற்குள் டீச்சரைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.