துவைக்காத சட்டை

பேயோட்ட வேறு ஆளைப் பாருங்கள், நான் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன் என்று போனிலேயே எரிந்து விழுந்தேன். எம். புதுப்பட்டி குருவம்மாள் விடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் ப்ளக்கைச் சொருகினால் கம்ப்யூட்டர் தானாகவே ஓடுகிறதாம், பாதியில் அணைந்துவிடுகிறதாம். பட்டாசு ஆலை விபத்தில் போய்ச் சேர்ந்த மகள் மாரிசெல்விதான் வந்து போகிறாள் என்று தெருவே பேசுகிறதாம்.

குருவம்மாளுக்குப் பேயைப் பற்றிக் கவலையில்லை. கம்ப்யூட்டருக்கு மைக் வாங்கிவந்த அன்று மகள் அதில் ஏதோ பேசிப் பதிந்து வைத்திருந்தாள். மறுநாள் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. அந்தக் குரலை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

நான் போனபோது கம்ப்யூட்டர் பெட்டிமேல் ஒரு முழுக்கைச் சட்டை போர்த்தியிருந்தது. பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறையில் வேலை பார்க்கிற பெண்கள் உடுப்புக்கு மேல் போட்டுக்கொள்கிற ஆம்பளைச் சட்டை. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ப்ளக்கைச் சொருகினேன். பட்டனைத் தொடவேயில்லை. உள்ளே விசிறி விர்ரென்று சுற்றியது. நான் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

குருவம்மாள் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

"வந்துட்டியா" என்றார். என்னிடம் இல்லை.

விண்டோஸ் படம் தெரிந்ததும் எல்லாம் அணைந்தது.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே எங்கு பார்த்தாலும் மினுமினுப்பு. மத்தாப்பு வெளிச்சத்துக்குப் போடுகிற அலுமினியப் பவுடர். அது கரண்டைக் கடத்தும். சுவிட்ச் ஊசிகளுக்கு நடுவில் படிந்துகொண்டு, யாரோ பட்டனை அமுக்கிப் பிடித்த மாதிரி அதுதான் ஓடவிட்டு அணைத்து ஆட்டம் காட்டியிருக்கிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை உடுப்பை வாசலிலேயே அவிழ்த்துப் போட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது இந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பவுடர் எப்படி வீட்டுக்குள் வந்தது என்று சத்தம் போட்டேன்.

அவர் அந்தச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சாவதற்கு முந்தின சாயங்காலம் மாரிசெல்வி கழற்றிப் போட்டது. அன்றைக்கு இருந்த அசதியில் அம்மா துவைக்கவில்லை. மகள் வேறு சட்டை போட்டுக்கொண்டு போனாள். அதற்கப்புறம் துவைக்க மனம் வரவில்லை. தினமும் அதை உதறி, அதை வைத்தே பெட்டியைத் துடைத்து, போர்த்தி வைத்திருக்கிறார்.

இப்படியே விட்டால் ஹார்ட் டிஸ்க்கும் போய்விடும், குரலும் போய்விடும், ஒரு பொறி பட்டால் வீடும் போய்விடும் என்றேன். துவைக்காமல் அதை உள்ளே வைக்கவே கூடாது என்றும் சொன்னேன்.

"அவ வேர்வை வாசம் இதுல மட்டுந்தான் தம்பி இருக்கு."

பெட்டியை முற்றத்துக்குத் தூக்கிப் போய் பிரஷ்ஷால் பவுடரைக் கூட்டி எடுக்க ஆரம்பித்தேன். அவர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு குழாயடிக்குப் போனார். அலசின தண்ணீர் வெள்ளியாக ஓடியது. சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு ஈரக்கையோடு வந்தார்.

மறுபடி ப்ளக்கைச் சொருகினேன். விசிறி சுற்றவில்லை. அவர் முகம் விழுந்துவிட்டது. நான்தான் பட்டனை அமுக்கினேன். விண்டோஸ் முழுசாக வந்தது. மகள் பதிந்தது முதல் பக்கத்திலேயே இருந்தது. அதை ஓடவிட்டேன்.

"ஹலோ, ஹலோ, கேக்குதா? யம்மா, அந்தச் சட்டையத் தொவைச்சுப் போட்டியா? நாளைக்கு வேணும்மா."

ஒரு சின்னச் சிரிப்பு. அதோடு முடிந்தது.

குருவம்மாள் திரையை ஒட்டிக் குனிந்தார்.

"தொவைச்சுட்டேன் தாயி. காலைக்குள்ள காஞ்சிரும்."