எஃப்-ஐந்து

காலையிலிருந்து பதினாறு ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை ஆய்வகக் கணினியில் அடித்து முடித்திருந்தாள். திரையின் மூலையில், உள்ளே போன அறிக்கைகளின் எண் பூஜ்யமாகவே இருந்தது.

நேற்றும் பூஜ்யம், முந்தாநாளும் பூஜ்யம். சுவர்ப் பலகையில் அவள் பெயருக்கு எதிரே இரண்டு சிவப்பு அழுமூஞ்சி ஸ்டிக்கர்கள். மூன்றாவது விழுந்தால் வேலை போய்விடும்.

மேலாளர் பிஸ்கட் தின்றபடி வந்து நின்றார். "மூணு நாளா உட்கார்ந்து என்னம்மா கிழிச்சீங்க?"

"அடிச்சேன் சார். ஒவ்வொண்ணா அடிச்சேன்."

"அடிச்சதை காக்கா தூக்கிட்டுப் போச்சா?" எச்சில் விரலை அவளுடைய மவுஸ் அட்டையில் துடைத்துவிட்டுப் போனார்.

மென்பொருள் கம்பெனிக்கும் எழுதிப் பார்த்திருந்தாள். 'பயனர் தவறு' என்று பதில் வந்தது. கீழே ஐந்து நட்சத்திரங்கள்: எங்கள் சேவை எப்படி?

பதினோரு வருடமாகப் பழைய மென்பொருள் இந்தக் கணினிக்குள்ளேயே கிடந்தது. விசைப்பலகையின் மேல் வரிசையில் எஃப்-ஐந்தைத் தட்டினால் அறிக்கை உள்ளே போகும், அடுத்ததற்கு வெற்றுப் படிவம் வரும். முந்தாநாள் காலையில் அதை அழித்துவிட்டு, இணையத்தில் ஓடுகிற ஒன்றைக் கொடுத்தார்கள். பயிற்சி என்பது மேலாளர் சொன்ன ஒரு வரி: "எல்லாம் பழசு மாதிரியேதான்."

பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா அவள் கையையே பார்த்தாள். "ஏன் கண்ணு, வாசல்ல பதிவு போடுற பொண்ணு எதையோ கீழ இழுத்து எலியாலதான் முடிக்குது. நீ என்னத்துக்கு மேல ஒரு குத்து குத்துறே?"

அவள் திரையில் பக்கத்தைக் கீழே இழுத்தாள். திரைக்கு அடியில் ஒரு பச்சைப் பொத்தான்: 'சேமி'. வாசலில் இருப்பது புதிய பெரிய திரை, இழுக்காமலே பாதிப் பொத்தான் தெரியும். இவளுடையது பழைய சின்னத் திரை. அதோடு, இணையப் பக்கத்தில் எஃப்-ஐந்துக்கு வேறு வேலை. எழுதிய தாளைக் கசக்கி எறிந்துவிட்டுப் புதுத் தாள் வைக்கிற வேலை. அங்கேயும் வெற்றுப் படிவம், இங்கேயும் வெற்றுப் படிவம். பார்வைக்கு ஒன்றுதான்.

தெரிந்த பிறகும் விரல் கேட்கவில்லை. அடுத்த அறிக்கையின் கடைசிக் கட்டத்தை நிரப்பியதும் அது தானாக மேலே போய்த் தட்டியது. இருபத்தெட்டுக் கட்டங்களும் போயின. அதற்கடுத்ததும் அப்படியே.

"இந்தக் கையை வெட்டித்தான் போடணும்க்கா."

"கையை எதுக்கு வெட்டுறே? கட்டையைப் பிடுங்கு."

கத்தரிக்கோல் நுனியால் எஃப்-ஐந்தை நெம்பினாள். கட்டை தெறித்து விழுந்தது. அடியில் முடி, பிஸ்கட் தூள், பிசுபிசுத்த கறுப்பு அழுக்கு. ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டுகிற வட்டப் பிளாஸ்டர் ஒன்றைக் குழியின் மேல் ஒட்டினாள்.

சாயங்காலம் எண் முப்பத்தொன்று.

"பார்த்தீங்களா, மனசு வெச்சா முடியுது!" என்ற மேலாளர் விசைப்பலகையைக் குனிந்து பார்த்தார். "இது என்ன? ஆபீஸ் சொத்தை உடைச்சிருக்கீங்க?"

"அதை எடுத்ததாலதான் சார் முப்பத்தொண்ணு."

"அது வேற, இது வேற. விளக்கம் எழுதிட்டுக் கிளம்புங்க." பலகையில் மூன்றாவது அழுமூஞ்சியை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

விளக்கப் படிவமும் இணையத்தில்தான் இருந்தது. 'சேதத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் அவள் அடித்தாள்: 'எஃப்-ஐந்து அறிக்கையை அழிக்கிறது. அதை எடுத்துவிட்டேன். அடுத்து உட்காருபவர் பக்கத்தைக் கீழே இழுத்து, பச்சைப் பொத்தானை அழுத்தவும்.'

விரல் மேலே போய்ப் பிளாஸ்டரைத் தட்டியது. எழுதியது அப்படியே இருந்தது. கீழே இழுத்து, பச்சைப் பொத்தானை அழுத்தினாள். 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது.