பூட்டி வைத்த பேச்சு

மகள் மறுபடியும் கடித்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது, பேருந்து ஓட்டுநரான அவள் பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. போகிற வழியெல்லாம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றுதான் யோசித்தாள்.

மகளை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். எட்டு வயது. காது நன்றாகக் கேட்கும், சொன்னால் புரியும், வாயில் பேச்சு மட்டும் வரவில்லை. படம் வரைந்த அட்டைகளை எடுத்துக் கையில் கொடுத்துப் பேசுவாள். தண்ணீர், பசி, வலி, போகலாம், வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் அட்டை உண்டு. சோபா தைக்கும் தொழில் செய்யும் அவள் அப்பா, கடையில் மிஞ்சிய ரெக்சினில் இரண்டு புத்தகங்கள் தைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் வெல்க்ரோ பட்டை ஒட்டி, அட்டைகளைப் பதித்துக் கொடுத்திருந்தார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று பள்ளிக்கு. வீட்டில் அதற்குப் பேச்சுப் புத்தகம் என்று பெயர். அது பக்கத்தில் இருந்தால் சிட்டு வாயாடி, அப்பாவையே திட்டுவாள்.

தலைமையாசிரியையின் அறையில் வகுப்பு உதவியாளர் பெண் மணிக்கட்டில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சிட்டு மூலை நாற்காலியில், ஒரு காலில் செருப்பில்லாமல், முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தும் ஆட்டம் நிற்கவில்லை.

"ரொம்ப வலிக்குதாம்மா? மன்னிச்சுக்கோ," என்றாள் இவள் உதவியாளரிடம். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உட்காருங்க," என்றார் தலைமையாசிரியை. "நாங்களும் எவ்வளவோ பொறுத்துப் பார்த்துட்டோம். மத்த பிள்ளைங்க அப்பா அம்மாவுக்கும் நான் பதில் சொல்லணும். இனிமே மதியத்தோட கூட்டிட்டுப் போயிடுங்க. கொஞ்சம் அடங்கினப்புறம் பாக்கலாம்."

மதியம் யார் வருவது, வண்டியை யார் ஓட்டுவது என்று மனம் கணக்குப் போட்டது. ஆனாலும் கடித்தது தன் பிள்ளை. சரி என்று தலையாட்டப் போனவள், சிட்டுவைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தை தன் மடியில், காற்றில், எதையோ புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம், அடுத்த பக்கம், அடுத்தது.

"அவ புத்தகம் எங்க?"

"எந்தப் புத்தகம்?"

"படம் ஒட்டின புத்தகம். பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்கு உங்க கையிலதான் குடுத்தேன்."

"ஓ, அதுவா." தலைமையாசிரியை முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "பத்திரமா இருக்கு. வகுப்புல வச்சா பசங்க பிச்சுப் போட்டுடுவாங்க. அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சிருக்கீங்க, தொலைஞ்சா பாவமில்லையா? அதான் அலமாரியில வச்சுப் பூட்டிட்டோம். அதிகாரிங்க பார்வையிட வந்தப்ப எடுத்துக் காட்டினோம். ரொம்பப் பாராட்டினாங்க."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றாள்.

"அப்ப இவ்வளவு நாளும் அவ எதுல பேசினா?"

தலைமையாசிரியை மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

"மேடம், நீங்க உங்க வாயை வீட்டு பீரோவுல பூட்டி வச்சுட்டு வந்து இந்த நாற்காலியில உட்காருவீங்களா?"

"சத்தம் போடாதீங்க. பக்கத்துல வகுப்பு நடக்குது."

"நான் இன்னும் சத்தமே போடலை. பஸ் ஓட்டுறவ நான். போட்டேன்னா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அலமாரியைத் திறங்க."

"சாவி எழுத்தர்கிட்ட இருக்கு. அவர் லீவு. நாளைக்கு வாங்களேன்."

அவள் நாற்காலியை இழுத்து அலமாரிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "நான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

சுவர்க் கடிகாரம் ஓடியது. தலைமையாசிரியை எதையோ எழுதுவதுபோல எழுதினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல ஒரு சாவியை எடுத்தார்.

உள்ளே பரிசுக் கோப்பைகள், மடித்த திரைத்துணி, அவற்றின் மேல் பேச்சுப் புத்தகம். அவள் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ரெக்சின் வாசனை அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, மூடி திறந்திருந்தது. அதில் காதில் மாட்டும் கேட்புக் கருவி இரண்டு.

"இது யாரோடது?"

"அது அஞ்சாம் வகுப்புப் பையனோடது. விளையாடும்போது தண்ணியில போட்டுடுவான்னு காலையில கழட்டி வாங்கி வச்சுடுவோம். வீட்டுக்குப் போறப்ப மாட்டி விட்டுடுவோம்."

"அப்படின்னா இன்னைக்குக் காலையிலயும் இந்த அலமாரியைத் திறந்திருக்கீங்க."

தலைமையாசிரியை சாவியை இழுப்பறைக்குள் போட்டார்.

அவள் உறையைக் கிழித்து, புத்தகத்தை மகளின் மடியில் வைத்தாள். ஆட்டம் நின்றது. சிட்டு அவசரப்படாமல் புரட்டினாள். ஓர் அட்டையைச் சர்ரென்று பிய்த்தாள். எழுந்து, செருப்பில்லாத காலை இழுத்துப் போட்டு நடந்து, உதவியாளரின் கட்டுப் போட்ட கையில் அதை வைத்தாள். அட்டையில், விரித்த உள்ளங்கைப் படத்தின் மேல் சிவப்புக் கோடு. வேண்டாம்.

உதவியாளர் அட்டையையே பார்த்தாள். "எழுத வைக்கறப்ப கையைப் பிடிப்பேன்," என்றாள் மெதுவாக. "இழுத்துக்குவா. இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். அப்படித்தான் பிடிக்கணும்னு சொன்னாங்க. கடிச்சாத்தான் விடுவேன்."

"அதுக்காக எழுதாமயே விட முடியுமா?" என்றார் தலைமையாசிரியை.

"விட வேண்டாம். ஆனா வேண்டாம்னு சொல்ல அவளுக்கு ஒரு வழி இருக்கணும். அதையும் புடுங்கிட்டு, பல்லால சொன்னா கெட்ட பிள்ளைன்னு மதியத்தோட அனுப்புவீங்களா? அனுப்பணும்னா எழுதிக் குடுங்க. அவ பேச்சை நாங்க பூட்டி வச்சோம்னு முதல் வரியில எழுதுங்க."

தலைமையாசிரியை பேனாவை மூடினார். "புத்தகம் அவகிட்டயே இருக்கட்டும். தொலைஞ்சா நாங்க பொறுப்பில்லை."

"தொலையட்டும். இன்னொண்ணு தைப்போம்."

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதான் குடுத்துட்டாங்கல்ல, இதோட விடு," என்றார். "நாளைக்கும் அவ அங்கதான் போகணும். நாம மல்லுக்கு நின்னா அவ மேல காட்டுவாங்க."

"இப்ப மட்டும் என்ன, தலையில தூக்கி வச்சா ஆடுறாங்க?"

அவர் ஊசியில் நூல் கோத்தார். அவர் பயம் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. அன்றே கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். கையெழுத்துப் போடும் இடத்தில் அவரையும் போட வைத்தாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் பள்ளி வாசலில் நின்று, அந்த ஐந்தாம் வகுப்புப் பையனின் அம்மாவைத் தேடிப் பிடித்தாள். டப்பாவில் பார்த்ததையும் தலைமையாசிரியை சொன்னதையும் சொன்னாள். அந்தப் பெண் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பக்கத்தில் நின்று கருவியைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"சொன்னா கேக்கவே மாட்டேங்கறான்னு வாராவாரம் கூப்பிட்டுச் சொல்லுவாங்க," என்றாள் அந்தப் பெண். "நானும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அடிச்சிருக்கேங்க."

அவள் குரல் உடையவில்லை; கல்லாக இருந்தது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறையைப் பார்த்து நடந்தாள். இவள் பணிமனைக்கு அழைத்து, வண்டியை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லிவிட்டு, சிட்டுவோடு பின்னால் போனாள்.