கத்தி யார் கொண்டுவந்தது?

1

இந்தக் கதை ஒரு நாடகத்தில் விட்ட பிழையிலிருந்து பிறந்தது. நாடகத்தை எழுதியவள் குணேஸ்வரி. இதை எழுதுகிறவளும் அவளே. ‘நான்’ என்று எழுதினால் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் பாதிப் பேர் போன் எடுப்பார்கள். அதனால் ‘அவள்’ என்பதற்குள் ஒளிந்துகொள்கிறாள்.

முதல் தொடக்கம்: 2006 மார்கழியில் மொன்றியலை வெண்பனி ஒரு... (வேண்டாம். பனியை எழுதாத தமிழர் இங்கே யார்?)

இரண்டாவது தொடக்கம்: தேவாலய மண்டபத்தில் ஒத்திகை. கொலைகாரனாக நடிப்பவன் விமலநாதன், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். நாடகத்திலும் வீட்டிலும் அவன் மனைவி றோசா. கதைப்படி அவன் வீட்டிலிருந்து கத்தி கொண்டுபோய் முதலாளியைக் குத்துகிறான். கடைசியில் தூக்கு.

“அக்கா, கனடாவில தூக்கு இல்லை,” என்றான் விமலநாதன்.

2

குணேஸ்வரி நூலகத்துக்குப் போனாள். எல்லாவற்றிலும் தனிவழி போகிற கெபெக் மாகாணம், கொலைக்கும் தனிச் சட்டம் வைத்திருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை, நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கொலைக்கு ஆயுள் தண்டனை. திட்டமிட்டுக் கொன்றால் இருபத்தைந்து வருடம் கழித்தே பரோல் கேட்கலாம். திட்டமிடாத கொலையென்றால் அந்தக் காலத்தைப் பத்துக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் நீதிபதி தீர்மானிப்பார்.

(இந்த இடத்தில் கட்டுரையொன்று தலை நீட்டியது. தட்டி உட்கார வைத்தாயிற்று.)

3

இதைக் கேட்டதும் விமலநாதன் கதையைத் திருத்தத் தொடங்கினான். கத்தி முதலாளியின் மேசையிலேயே பழம் வெட்டக் கிடக்கட்டும் என்றான். கோபத்துக்குக் காரணம் வேண்டுமே. முதலாளி கொலைகாரனின் தாயைத் திட்டட்டும் என்றான். முதலாளியாக நடித்த செல்வராஜுக்கு வசனம் கூடியதில் சந்தோஷம்.

குணேஸ்வரிக்கோ சந்தேகம். தண்டனையைக் குறைக்க ஒரு பாத்திரம் இவ்வளவு பேரம் பேசுமா? [பாத்திரங்கள் எழுத்தாளரை மீறுவது பற்றிய பந்தி இங்கே இருந்தது. வெட்டியாயிற்று.]

பிறகு சிறைக் காட்சி. கம்பிக்குப் பதிலாக ஒரு கதிரை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்பதுதான் அவன் வசனம். அவன் கேட்டது வேறு.

“பத்து வருசமெண்டால் காத்திருப்பியா?”

றோசா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதில் அப்படியொரு வரி இல்லை.

“மூண்டு வருசமெண்டால்?”

மூன்று வருடம் சட்டத்தில் இல்லையே என்று சொல்ல வாயெடுத்த குணேஸ்வரி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். றோசாவுக்கு விளங்கிவிட்டது. மேற்கே தொலைவிலுள்ள அல்பேர்ட்டா மாகாணத்து எண்ணெய் வயலில் வேலைக்கு அவன் எழுதிப் போட்டிருந்தான். மூன்று வருட வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் சொல்லத் துணிவு வராமல், கொலைகாரனின் வாயை இரவல் வாங்கியிருக்கிறான்.

அவள் கதிரையை விலக்கினாள்.

“நீங்க என்னை இங்க கூப்பிட ஸ்பொன்சர் சரிவரும் வரைக்கும் மட்டக்களப்பில எட்டு வருசம் காத்திருந்தன். அது காணும். இனி நீங்க எங்க போனாலும் நானும் வாறன். இல்லாட்டி நீங்களும் போகேலாது.”

சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தபடி கண்ணைத் துடைத்தான். செல்வராஜ், செத்துக் கிடந்த இடத்திலிருந்து எழுந்து கைதட்டினார்.

4

நாடகம் மேடையேறியது. நீதிபதியாக வந்த யோசெப்பின் அக்கா, பரோலுக்குப் பத்து வருடம் என்று தீர்த்தார். பின்வரிசையில் சிலர் அது காணாது என்றார்கள். திரை விழுந்ததும் விமலநாதனும் றோசாவும் ஒப்பனையைக் கலைக்காமலே, கை கோத்தபடி கார் நிறுத்துமிடத்துக்குப் போனார்கள்.

முடிவு அ: இருவரும் அல்பேர்ட்டா போனார்கள். (குணேஸ்வரி ஒரே நாளில் நாயகனையும் நாயகியையும் இழந்தாள்.)

முடிவு ஆ: அவன் போகவில்லை. வருடாவருடம் அதை

முடிவு இ: அவன் தனியே போனான், ஒரு மாதத்தில்

எது நடந்ததென்று குணேஸ்வரிக்குத் தெரியும். சென்ட் லோரன்டில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. ஜூரியில் இருத்துவதும் அப்படிப்பட்டவர்களைத்தான். அ, ஆ, இ: எது நடந்தது? சொல்லுங்கள்.