மூடுபனியில் ஒரு பிரேக்

வெள்ளிக்கிழமை விடியலில், வளைகுடா நாட்டின் அல் ஐன் நகருக்குப் போகும் சாலை முழுவதும் மூடுபனி இறங்கியிருந்தது. விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வெண்மையில் கரைந்துகொண்டிருந்தன. அல் குசைஸிலிருந்து தங்கை வீட்டுக்குப் புறப்பட்ட கஜானி பின்சீட்டில் இருந்தாள். பக்கத்தில் குழந்தைகளுக்கான இருக்கையில் கட்டப்பட்டிருந்த இரண்டு வயது மகள் ஆரபி வீறிட்டு அழுதாள்.

"பாவம், கழுத்தெல்லாம் சிவந்துபோச்சு. நான் மடியில வச்சிருக்கிறன்" என்று கஜானி மகளின் பெல்ட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டாள்.

காரை ஓட்டிய கணவன் நிருபன் கண்ணாடியில் பார்த்தான். "வேண்டாம் கஜானி. அதிலயே இருக்கட்டும்."

"இறுக்கிப் பிடிச்சிருக்கிறன். நீங்கள் ரோட்டைப் பாருங்கோ."

கஜானி இயற்பியல் ஆசிரியை. முந்தைய நாள்தான் ஒன்பதாம் வகுப்புக்கு முடுக்கம் நடத்தியிருந்தாள். வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறதோ அதுதான் முடுக்கம், பிரேக் பிடித்தாலும் அது முடுக்கமே என்று கரும்பலகையில் கோடு போட்டு விளக்கியிருந்தாள்.

மடிக்கு வந்ததும் ஆரபி உறங்கிவிட்டாள். கார் ஒரே சீராகப் போனது. பனிக்குள் எதுவும் நகர்வதாகவே தெரியவில்லை. மேகத்துக்குள் படுத்திருப்பதுபோல் இருந்தது கஜானிக்கு. மகளின் மூச்சு கழுத்தில் இளஞ்சூடாய்ப் பட்டது. அவள் கண்களும் செருகின.

திடீரென்று முன்னால் சிவப்பு விளக்குகள். நிருபன் பிரேக்கை அழுத்தி மிதித்தான். கஜானியை பெல்ட் பிடித்துக்கொண்டது. ஆரபியைப் பிடிக்க எதுவுமில்லை. அம்மாவின் கைகளிலிருந்து நழுவி, முன்சீட்டின் முதுகில் மோதிக் கீழே விழுந்தாள்.

சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு அழுகை வந்தது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் கஜானிக்கு உயிர் வந்தது. மருத்துவமனையில் ஆரபியின் உதட்டில் தையல் போட்டார்கள்.

அடுத்த வாரம் பள்ளி வாசலில், பக்கத்துக் கட்டிடத்து உமாராணி கைக்குழந்தையை மடியில் வைத்தபடி டாக்ஸியில் ஏறியிருந்தாள். கஜானி ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"பக்கத்துலதானே அக்கா, இறுக்கிப் பிடிச்சுக்கிறேன்" என்றாள் உமாராணி.

"நானும் அப்பிடித்தான் சொன்னனான். வேகமாப் போறது எங்களுக்குத் தெரியிறதில்லை, உமா. சட்டெண்டு நிக்கேக்கதான் தெரியும். எனக்கு வெறும் பிரேக்குக்கே கை விட்டுப்போச்சு. கார் மோதியிருந்தா என்ர பிள்ளை இல்லை. எவ்வளவு பாசம் இருந்தாலும் எங்கட கைக்கு அந்தப் பலம் கிடையாது. அழுதா அழட்டும், பிள்ளையைச் சீட்டில கட்டித்தான் கூட்டிக்கொண்டு போகோணும்."

உமாராணி குழந்தையுடன் கீழே இறங்கினாள்.