ஒரு மணிக்குப் போன தூதுக்குழு

புதுச்சேரியில் மதியம் பன்னிரண்டு அடித்தால் காக்காய்கூடக் கரையாது. பிரெஞ்சுக்காரன் கப்பலேறிய பிறகும் அந்த மதியத் தூக்கம் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. மூன்று மணி வரை கடை, ஆபீஸ், வங்கி எல்லாம் சாத்தியிருக்கும். ஒருமுறை மிஷன் வீதி வங்கியில் புகுந்த திருடன் அந்த அமைதியில் கண்ணயர்ந்துவிட, மூன்று மணிக்குக் காசாளர்தான் எழுப்பிக் காப்பி கொடுத்து அனுப்பினார். நம்பாதவர்கள் காசாளரைக் கேட்டிருக்கலாம். கேட்கப் போனபோதெல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தேழாம் வருஷம் வங்கிகளைக் கவனிக்கச் சென்னையிலிருந்து இராமதாஸ் என்ற அதிகாரி வந்தார். வந்த வாரமே உத்தரவு: இனி காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வங்கிகளை இடையில் சாத்தக்கூடாது.

வங்கியாளர் சங்கம் அவசரமாகக் கூடியது. செயலாளர் சக்கரபாணி, தானும் ஒரு சின்ன வங்கி நடத்தியவர், மேஜையைத் தட்டினார்.

"இந்த உத்தரவை மாத்திக் காட்டறேன். முடியலன்னா இந்த நாற்காலியில உக்கார மாட்டேன்."

தலைவர் தெய்வசிகாமணி அந்த நாற்காலியைப் பரிவோடு பார்த்தார். அவருடைய மச்சானுக்கு அதன்மேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

நேரில் பேச அனுமதி கேட்டார் சக்கரபாணி. புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு வரச்சொல்லிப் பதில் வந்தது. படித்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. போகாவிட்டால் மனு தள்ளுபடி. போய்த் தெளிவாகப் பேசினாலோ, "இங்க முழிச்சிருக்கீங்க, வங்கியில முடியாதா?" என்று அந்த மனுஷன் மடக்கிவிடுவான்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுனு இருக்கீங்க?" என்றாள் மனைவி செல்வாம்பாள், கனகசெட்டிக்குளத்து வஞ்சிர மீனைக் கழுவிக்கொண்டே. "நல்லா சாப்ட்டுட்டுப் போங்க."

"சாப்ட்டா தூக்கம் வரும்டி. அப்புறம் யாரு பேசறது?"

"நீங்க பேச ஆரம்பிச்சா எனக்கே கண்ணு சொக்குது. அந்த ஆபீசருக்குச் சொக்காதா?"

புதன்கிழமை சங்கத்தார் எல்லாருக்கும் சக்கரபாணி வீட்டில்தான் சாப்பாடு. மீன் குழம்புக்கு மேல் தயிர்ச்சோறு போட்டு, ஒரு மணிக்கு அதிகாரியின் அறைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

இராமதாஸ் சிரித்த முகமாக இருந்தார். 'ஒரு மணிக்கு விழிப்போடு வந்து வாதாடியதால் மனு தள்ளுபடி' என்று அவர்கள் பேசுவதற்கு முன்பே மையால் எழுதி முடித்திருந்தார்; மை இன்னும் காயவில்லை. கையெழுத்துதான் பாக்கி.

"சொல்லுங்க," என்றார்.

முதலில் தெய்வசிகாமணியின் தலை சாய்ந்தது. பிறகு வரிசையாக மற்றவர்கள். சக்கரபாணி தொடையைக் கிள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, எங்க சங்கத்தோட பணிவான கருத்து என்னன்னா..."

அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அந்த அறையிலிருந்து கிளம்பிய குறட்டையில் ஊர்க்கோடியில் கோரிமேட்டில் ஒரு பஸ்காரர் எஞ்சின் கெட்டுவிட்டதென்று வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்து பார்த்தாராம்.

கண் விழித்தபோது மணி மூன்று. போச்சு நாற்காலி என்று சக்கரபாணி நிமிர்ந்தார். எதிரே அதிகாரி மேஜைமேல் முகம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அதிகாரியும் மெல்லத் தலையைத் தூக்கினார். தள்ளுபடி உத்தரவு மொத்தமும் அவர் கன்னத்துக்கு இடம் மாறியிருந்தது. காகிதத்தில் ஒரு நீலத் தீற்றல்தான் மிச்சம்.

அதற்குள் விழித்துக்கொண்ட சங்கத்தார் யாரும் சிரிக்கவில்லை. தெய்வசிகாமணி மட்டும் கைக்குட்டையை நீட்டினார்.

இராமதாஸ் முகத்தைத் துடைத்தார். கைக்குட்டையைப் பார்த்தார். வேறொரு காகிதம் எடுத்து, வங்கிகள் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சாத்தியிருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உங்க வாதம் ரொம்ப பலமா இருந்தது, செயலாளரே."

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே."

"அதனாலதான்."

சக்கரபாணியின் நாற்காலி தப்பியது. மறு வருஷம் உரிமக் கட்டண விஷயமாக மறுபடி பேச வேண்டியிருந்தது. "அதே ஒரு மணிக்கே கேளுய்யா, ராசியான நேரம்," என்றார் தெய்வசிகாமணி.

இராமதாஸிடமிருந்து உடனே பதில் வந்தது: காலை பத்துக்கு வாருங்கள், ஒரு மணிக்கு எனக்கு முக்கியமான வேலை இருக்கிறது.